கேமராவுக்கு வைத்த பொட்டு

மாட்டுக்கொட்டகையில் கேமரா வைக்கப் போவதாக என் மகன் சொன்னபோது, திருடனைப் பிடிக்கத்தான் என்று நினைத்தேன். எங்கள் கொட்டகையில் திருட என்ன இருக்கிறது, சாணியைத் தவிர? அதையும் யாராவது அள்ளிக்கொண்டு போனால் எனக்கு ஒரு வேலை மிச்சம். அதைச் சொன்னேன்.

"திருடனப் பாக்க இல்லம்மா. உன்னையப் பாக்க" என்றான்.

முப்பது வருடம் பாலக்காட்டுச் சித்தூர் அரசுக் கல்லூரி அலுவலகத்தில் கிளார்க்காக இருந்தவள் நான். என்னைப் பார்த்து மாணவர்கள் வரிசையில் நேராக நிற்பார்கள். இப்போது என்னைப் பார்க்க ஒரு கருவி.

காரணம் இல்லாமல் இல்லை. ஆடி மழையில் கொட்டகைத் தரை பாசி பிடித்துக் கிடந்தது. பால் கறக்கப் போனவள் வழுக்கி விழுந்து, கணுக்கால் வீங்கி, எழ முடியாமல் அரைமணி நேரத்துக்கு மேல் அங்கேயே கிடந்தேன். பக்கத்து வீட்டு டீச்சர் வந்துதான் தூக்கிவிட்டார். அத்தோடு விட்டிருந்தால் நன்றி சொல்லியிருப்பேன். வீட்டுக்குப் போனதும் பெங்களூருக்குப் போன் போட்டு, ஒன்றுவிடாமல் என் மகனிடம் சொல்லிவிட்டார். வீக்கத்தை மறைக்க நான் கிடந்த இடத்திலேயே யோசித்து வைத்திருந்த பொய்யெல்லாம் வீணாகப் போயிற்று.

அந்த டீச்சர் மலையாளக்காரர். பள்ளிக்கூடத்தில் மலையாளம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். என்னைப் போலவே தனி ஆள். ஒரே மகள் ஷார்ஜாவில். இருவருக்கும் நடுவில் ஒரு வேலிதான். என்னோடு பேசும்போது மட்டும் தானே செய்துகொண்ட ஒரு தமிழில் பேசுவார். எட்டு வருடமாகத் தினமும் காலையில் என்னிடம் அரை லிட்டர் பால் வாங்கிக்கொண்டிருந்தார். போட்டுக்கொடுத்த மறுநாள் நொண்டிக்கொண்டே வேலியோரம் போய், "பால் இல்லைங்க டீச்சர்" என்றேன். எனக்குப் பின்னால் பால் கேன் நிறைந்து இருந்தது. அவரும் பார்த்தார். அன்றைக்கே பாக்கெட் பாலுக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு இருவரும் பேசவில்லை.

மகன் லீவு போட்டு வந்தான். பேச்சு சுருக்கமாக இருந்தது.

"இன்னொருக்கா விழுந்தீன்னா மாட்டக் குடுத்துட்டு எங்ககூட வந்தறணும். செரியா?"

"செரி."

"நெசமா?"

"செரின்னு சொன்னனல்லொ."

சரி என்று வாய்தான் சொன்னது. எனக்கு அந்த மாடு வேண்டும். கல்லூரியில் இருந்தவரை தினமும் நூறு பேரைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் எழுந்து பார்த்தால், திட்ட ஒரு ஆள் இல்லை. அந்த மாதிரி ஒரு காலை எனக்கு இன்னொன்று வேண்டாம். அடுத்த மாதமே இந்தச் செவலையைப் பிடித்துக்கொண்டு வந்தேன். எவ்வளவு திட்டினாலும் அது கோபித்துக்கொள்ளாது. திருந்தவும் திருந்தாது. அதனால் மறுநாளும் அதையே சொல்லித் திட்டலாம். பெங்களூரில் மருமகள் இருக்கிறாள். அவள் தங்கமான பிள்ளை, திட்டுவதற்கு ஒரு பிடி கிடைக்காது.

கேமரா ஒரு தேங்காய் அளவு பெட்டியில் வந்தது. பெட்டிக்குள் இருந்தது தேங்காயை விடச் சின்னது. வெள்ளை உருண்டை, நடுவில் ஒரே ஒரு கறுப்புக் கண். கொட்டகையின் நடுத்தூணில், என் தலைக்கு மேலே இரண்டு முழ உயரத்தில் மகன் அதை முடுக்கினான். வீட்டுக்குள் இருந்த வைஃபை பெட்டியைக் கழற்றிச் சமையலறை ஜன்னலுக்குக் கொண்டுவந்தான். கரண்டு கொடுத்ததும் உருண்டை தலையை இடமும் வலமும் ஆட்டிப் பார்த்துவிட்டு, ஒரு பெண் குரலில் இங்கிலீஷில் ஏதோ சொன்னது. செவலை தாம்பை அறுத்துக்கொள்ளப் பார்த்தது.

"க்யூஆர் கோடு கேக்குதும்மா" என்றான் மகன்.

க்யூஆர் கோடு எனக்குத் தெரியாததில்லை. மீன்காரன் வண்டியில் தொங்குகிறது, கோயில் உண்டியலில் ஒட்டியிருக்கிறது. அதை நாம்தான் போனால் பார்க்க வேண்டும். இங்கே தலைகீழ். போனில் அந்தக் கறுப்புக் கட்டம் தெரியும், நாம் அதைக் கேமராவுக்குக் காட்ட வேண்டும், கேமரா பார்த்துப் புரிந்துகொள்ளுமாம். மகன் ஜன்னலோரம் வைஃபை பெட்டியைத் திருகிக்கொண்டிருந்தான். போனை என் கையில் கொடுத்து, "கண்ணு முன்னால காமிம்மா" என்றான்.

காட்டினேன். கறுப்புக் கண், எதிரே வெளிச்சமாக ஒன்றைக் கையில் ஏந்தியிருக்கிறேன். கை தானாகவே சுற்ற ஆரம்பித்தது. வலது பக்கமாக மூன்று சுற்று, நிதானமாக. கேமரா மறுபடியும் இங்கிலீஷில் கெஞ்சியது. நான் இன்னும் மூன்று சுற்றினேன்.

மகன் திரும்பிப் பார்த்தான். "அம்மா, என்ன பண்றே?"

"காமிக்கச் சொன்னியே."

"காமிக்கத்தான் சொன்னேன். தீபாராதனை பண்ணச் சொல்லல. ஆட்டாமப் புடி."

ஆட்டாமல் பிடித்ததும் உருண்டை டிங் என்றது. கடைசியில் சுற்றிக் காட்டியதில்தான் அதற்கு மனம் இளகியது என்று நான் இன்றும் நம்புகிறேன்.

பிறகு எதையோ எதனோடோ இணைத்து, கொட்டகையில் எது அசைந்தாலும் ஒரு போட்டோவும் ஒரு வரியும் வாட்ஸ்அப் குழுவுக்கு வரும்படி செய்தான். குழுவுக்கு 'அம்மா பாதுகாப்பு' என்று பெயர். அதில் அவன், மருமகள், நான். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று டீச்சரையும் சேர்த்தான். எனக்கு ஆத்திரமாக வந்தது. அடக்கிக்கொண்டேன்.

மறுநாள் விடியும்போதே செய்திகள் வர ஆரம்பித்தன. ஆட்களையும் மிருகங்களையும் பிரித்துச் சொல்லத் தெரிந்த கேமரா என்று மகன் பெருமையாகச் சொல்லியிருந்தான். முதல் செய்தி: 'கொட்டகையில் நபர்.' போட்டோவில் செவலை வைக்கோல் மென்றுகொண்டிருந்தது. இரண்டாவது செய்தி: 'கொட்டகையில் செல்லப்பிராணி.' போட்டோவில், தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு குனிந்து சாணி அள்ளிக்கொண்டிருந்தவள் நான். ஓரமாகக் கிடந்த வைக்கோல் போரை வாகனம் என்றது. முப்பது வருடம் அரசு வேலை பார்த்துவிட்டு, நான் செல்லப்பிராணி. மாடு நபர். குழுவில் மருமகள் ஒரு சிரிப்புப் பொம்மையைப் போட்டாள். டீச்சர் ஒன்றும் போடவில்லை. ஆனால் பார்த்துவிட்டார் என்பதற்கு நீல டிக் வந்தது.

அதில் பேசவும் முடியும் என்பதை மகன் சொல்லாமல் ஊருக்குப் போய்விட்டான். நாலாம் நாள் காலையில் பால் கறந்துகொண்டிருக்கிறேன், தூணில் இருந்து "அம்மா, காப்பி குடிச்சியா?" என்று அசரீரி. செவலை பாத்திரத்தை எட்டி உதைத்ததில் காப்பிக்குப் பால் இல்லாமல் போயிற்று. அன்றிலிருந்து மகன் குரல் கேட்டாலே அது காலைத் தூக்கும்.

ஆனாலும் ஐந்து மாதம் விழாமல் இருந்தேன். தரையைத் தேய்த்துத் தேய்த்துப் பாசி இல்லாமல் வைத்தேன். முக்காலியில் ஏறவில்லை, ஓடவில்லை. யாரோ பார்க்கிறார்கள் என்றால் நடை தானாக மாறிவிடுகிறது. மாட்டைத் திட்டுவதைக்கூட முகத்தைச் சிரித்த மாதிரி வைத்துக்கொண்டு திட்டினேன்.

தை பிறந்தது. எங்கள் பக்கம் மாட்டுப் பொங்கலைப் பட்டிப் பொங்கல் என்போம். கொட்டகைக்குள்ளேயே சாணியால் வரப்புக் கட்டி, பாய் அகலத்துக்கு ஒரு சின்னத் தெப்பக்குளம் செய்வோம். அதில் தண்ணீர் ஊற்றி, ஆவாரம்பூவும் பூளைப்பூவும் போட்டு, பொங்கல் படைத்து, தட்டத்தைக் கம்பால் தட்டிக்கொண்டே மாட்டையும் கன்றையும் குளத்தைச் சுற்றிக் கூட்டிவந்து, கடைசியில் கன்றை அதை மிதித்துப் போக விடுவோம். பேத்திக்குப் பரீட்சை, மகனால் வர முடியவில்லை. "கேமராவுல நாங்க மூணு பேரும் பாக்கறம்மா. நாலு மணிக்கு ஒக்காந்துக்கறோம்" என்றான். எனக்கும் சந்தோஷம்தான். நல்ல சேலை கட்டினேன்.

பூசைக்கு முன்னால், கொட்டகையில் வேலை செய்கிற எல்லாவற்றுக்கும் கழுவிப் பொட்டு வைக்க வேண்டும். தாம்புக்கயிறு, பால் கேன், அரிவாள், மண்வெட்டி, தவிட்டுத் தொட்டி, விளக்குமாறு, எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். நிமிர்ந்தால் தூணில் கேமரா. ஐந்து மாதமாக வெயில், மழை, கொசு பார்க்காமல் வேலை செய்கிறது. கொட்டகையில் என்னையும் மாட்டையும் விட்டால் அதிகம் உழைப்பது அதுதான். விளக்குமாற்றுக்குப் பொட்டு வைத்துவிட்டு அதை விட்டுவிட்டால் நியாயமா?

முக்காலி போட்டு ஏறினால் பெங்களூரில் மூன்று பேர் பார்ப்பார்கள். அதனால் தொரட்டிக் கம்பின் நுனியில் பஞ்சைச் சுற்றி, சந்தனத்தில் நன்றாகத் தோய்த்துத் தூக்கினேன். கண்ணுக்கு மேலே, அதன் நெற்றியில் வைப்பதுதான் என் எண்ணம். உயரத்தில் கம்பு ஆடும் என்பதை நான் யோசிக்கவில்லை. சந்தனம் நேராகக் கண்ணில் அப்பிக்கொண்டது. சரி, வைத்தது வைத்ததுதான் என்று நடுவில் குங்குமத்தையும் வைத்தேன். உண்மையைச் சொன்னால் பார்க்க லட்சணமாகவே இருந்தது. கேமரா தலையை இரண்டு தரம் ஆட்டியது. ஏற்றுக்கொண்டதாக நினைத்துக் கும்பிட்டேன்.

பெங்களூரில் திரை முதலில் மஞ்சளாகி, பிறகு நடுவில் சிவந்து, பிறகு இருட்டிவிட்டதாம். 'கேமரா மறைக்கப்பட்டுள்ளது' என்று குழுவுக்குச் செய்தி வந்ததாம். மகன் பதினோரு தடவை போன் செய்திருக்கிறான். போன் வீட்டுக்குள் சார்ஜில் கிடந்தது. தூணில் இருந்தும் கூப்பிட்டிருக்கிறான். நான்தான் தட்டத்தைத் தட்டிக்கொண்டிருந்தேனே, எனக்கு எங்கே கேட்கும்?

மாட்டுக்குக் கேட்டிருக்கிறது. சுற்றி முடித்து, கன்றின் கயிற்றைப் பிடித்துக் குளத்துப் பக்கம் இழுக்கும்போது செவலை திடீரென்று காலைத் தூக்கியது. கன்று மிரண்டு பாய்ந்தது. கயிறு என் மணிக்கட்டில் சுற்றியிருந்தது. கன்று தெப்பக்குளத்தைத் தாண்டிப் போயிற்று. நான் தாண்டவில்லை. குளத்துக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டேன்.

அடிபடவில்லை. சாணியும் தண்ணீரும் மெத்தை மாதிரி வாங்கிக்கொண்டன. ஆனால் எழ முடியவில்லை. கையை ஊன்றினால் கை வழுக்குகிறது, காலை ஊன்றினால் கால். நல்ல சேலை நனைந்து, கழுத்து வரைக்கும் ஆவாரம்பூ. முதலில் எனக்குத் தோன்றியது வலியல்ல, போச்சு என்றுதான். மாடு போச்சு. அண்ணாந்து கேமராவைப் பார்த்தேன். அதன் கண் முழுக்கச் சந்தனம். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, அது என்னைப் பார்க்கவில்லை. அந்த நிமிடம் அந்தப் பொட்டின் மேல் எனக்கு வந்த பக்தி, எந்தச் சாமி மேலும் வந்ததில்லை.

சத்தமில்லாமல் எழுந்து, குளித்து, வேறு சேலை கட்டிவிட்டால் ஒருவருக்கும் தெரியாது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போது, படல் திறக்கும் சத்தம் கேட்டது. நைட்டியும் தோளில் துண்டுமாக டீச்சர் நின்றார். ஆடிக்குப் பிறகு இப்போதுதான் என் வாசலுக்குள் வருகிறார். மகன் அவரைப் போனில் பிடித்துவிட்டான்.

"அய்யோ சேச்சி, எந்து பற்றி? விழுந்தோ?"

"விழுகலைங்க. ஒக்காந்திருக்கேன்."

"சாணியிலயா?"

"பட்டிப் பொங்கலுக்கு ஒக்காருவோம்."

எட்டு வருடமாக எங்கள் பட்டிப் பொங்கலை வேலிக்கு அந்தப் பக்கத்தில் இருந்து பார்க்கிறவர் அவர். ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுக் கையை நீட்டினார். நான் பிடித்து இழுத்தேன். என் எடை எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. அடுத்த நொடி டீச்சரும் குளத்துக்குள் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். பாய் அகலக் குளம்தான், முட்டியோடு முட்டி இடித்தது.

செவலை அசை போட்டது. பிறகு டீச்சர்தான் ஆரம்பித்தார்.

"பால் ஏன் நிறுத்தியது?"

"நீங்க எதுக்கு என் பையங்கிட்டப் போட்டுக் குடுத்தீங்க?"

அவர் துண்டின் நுனியால் முகத்தைத் துடைத்தார். அதில் சாணி இன்னும் கொஞ்சம் பரவியது.

"அன்னிக்கு நிங்கள் கூப்பிட்டது எனக்கு முதல்லயே கேட்டது சேச்சி. அரை மணிக்கூர் கேட்டது. பசு கத்துதுன்னாக்கும் ஞான் நெனச்சது. டிவியின் சத்தத்தைக் கூட்டி வச்சேன்." நிறுத்தி, மெதுவாகச் சொன்னார். "பின்னே வந்து பார்த்தப்போ, எனக்குப் பயமாயிப் போச்சு. என்னை நம்பி இருக்க வேண்டாம்னு சொல்லத்தான் மகனை விளிச்சது."

ஐந்து மாதமாக நான் சேர்த்து வைத்திருந்த கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. என் குரலை மாட்டுக் குரல் என்று நினைத்ததற்கு ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். கேட்கத் தோன்றவில்லை. அரைமணி நேரம் கிடந்ததை நான் எப்போதோ மறந்துவிட்டேன். அதை இவர்தான் இத்தனை நாளும் சுமந்துகொண்டிருந்திருக்கிறார். நான் பாலை நிறுத்தியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

செவலையின் கழுத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இருவரும் எழுந்தோம். வாழ்க்கையிலேயே முதல் முறையாக அது அசையாமல் நின்றது. டீச்சரைப் போனில் பிடிக்கத் தூணை விட்டிருந்த மகன் மறுபடியும் அங்கிருந்து கத்த ஆரம்பித்தான். நான் தடுப்பதற்குள் டீச்சர் தொரட்டிக் கம்பில் துண்டைச் சுற்றிக் கேமராவின் கண்ணைத் துடைத்துவிட்டார். உருண்டை எங்களைப் பார்த்தது. படல் பக்கம் வைத்திருந்த அவர் போனில் டிங் என்று குழுச் செய்தி வந்தது. எடுத்துப் பார்த்தோம். எங்கள் இருவரின் படம், தலை முதல் கால் வரை சாணி. நடுவில் செவலை. 'கொட்டகையில் இரண்டு செல்லப்பிராணிகள், ஒரு நபர்.'

தூணில் இருந்து மகன் கேட்டான்.

"அம்மா. விழுந்தியா?"

நான் செவலையின் முதுகில் கை வைத்தபடி நின்றேன்.

"அம்மை விழலை மோனே" என்றார் டீச்சர். வகுப்பில் பேசும் குரல் அது. "விழுந்தது ஞானாக்கும். பூஜை பார்க்க வந்தேன், கால் வழுக்கி. என்னைத் தூக்க வந்துதான் அம்மையும் இப்படி ஆயி."

முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளைப் பொய் சொல்லாதே என்று அடித்தவர், கேமராவை நேராகப் பார்த்துக்கொண்டு இதைச் சொன்னார். என் சேலைதான் அவர் நைட்டியை விட அதிகம் நனைந்திருந்தது, பார்த்தாலே தெரியும். மகன் பார்த்தானோ இல்லையோ, "செரிங்க டீச்சர். ரெண்டு பேரும் பாத்து நில்லுங்க" என்று மட்டும் சொன்னான். அவன் குரல் கேட்டுச் செவலை காலைத் தூக்கியது. இருவரும் ஒன்றாக விலகினோம்.

மறுநாள் காலையில் அரை லிட்டருக்கு ஒரு லிட்டராக எடுத்துக்கொண்டு வேலியோரம் போனேன். அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். என் மகன் நல்லவன், அவன் நல்லது செய்யாமல் இருக்க மாட்டான். டீச்சர் விழுந்த செய்தியையும் படத்தையும் ஷார்ஜாவில் இருக்கும் அவர் மகளுக்கு அனுப்பிவிட்டான். இருவரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள். வீட்டைப் பூட்டிவிட்டு ஷார்ஜாவுக்கே வந்துவிடு என்று அந்தப் பெண் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாளாம். எனக்கு அது தெரியாது. டீச்சருக்குத் தெரியும். தெரிந்துதான் தூணைப் பார்த்து, 'விழுந்தது ஞானாக்கும்' என்று சொல்லியிருக்கிறார்.

பத்து நாள் கழித்து வேலியோரம் வந்து நின்றார். கையில் தேங்காய் அளவு பெட்டி.

"அடுக்களையில வைக்கணுமாம். இன்னொரு தரம் விழுந்தா ஷார்ஜா." பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "க்யூஆர் காட்டுறது எப்படி சேச்சி?"

"வலது பக்கமா மூணு சுத்து. பொறவு ஆட்டாமப் புடிக்கோணும். நான் வந்து காமிக்கறேனுங்க."

போகத் திரும்பியவர் நின்றார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அந்தப் பொட்டு, பட்டிப் பொங்கலுக்கு மாத்ரமோ? அல்லெங்கில் வெள்ளிக்கிழமையும் வைக்கலாமோ?"

நம்ம ஊரில் நல்ல நாளுக்கா பஞ்சம் என்றேன். உள்ளே போய்ச் சந்தனத்தைக் கொஞ்சம் கெட்டியாகவே குழைத்து, பாலையும் எடுத்துக்கொண்டு வேலியைத் தாண்டினேன். பார்த்துத்தான் தாண்டினேன்.